சிலிண்டரில் கேஸ் இருந்தும் ஜெனரேட்டர் நின்றுபோவது ஏன்?

கோத்தகிரிக்கு மேலே ஒரு கிராமத்தில் நான்கு அறைகள் கொண்ட தங்கும் விடுதியும், பக்கத்திலேயே கார்னேஷன் பூக்களை வைக்க ஒரு சின்னக் குளிர் அறையும் நடத்துபவர் கேட்டிருக்கிறார். மார்கழி, தை மாதங்களில் ராத்திரி கரண்ட் போனால் கேஸில் ஓடும் 7.5 கேவிஏ ஜெனரேட்டரைப் போடுகிறார், சுமை 4 கிலோவாட் போல. 19 கிலோ சிலிண்டர் ஒன்று அதற்கு மாட்டியிருக்கிறது. புது சிலிண்டராக இருந்தால் மூன்று மணி நேரம் போல ஓடுகிறது. பாதிக்கு நன்றாகக் கீழே இறங்கிய சிலிண்டர் என்றால் 40 நிமிடத்தில் ஏறி இறங்கித் திணறி நின்றுவிடுகிறது. சிலிண்டரைத் தொட்டால் ஐஸ். ஆட்டிப் பார்த்தால் உள்ளே கேஸ் குலுங்குகிறது. அமெரிக்கக் காணொளிகளில் புரொப்பேன் தொட்டிக்கு மின்சாரப் போர்வை போர்த்துகிறார்களே, அதை இங்கே எங்கே வாங்கலாம், கிடைக்காவிட்டால் கம்பளி சுற்றி வைக்கலாமா என்று கேட்கிறார். போர்வையைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கேஸ் இருக்கும்போதே அது ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறது?

நான் கோவையில் இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டல்கள், கல்யாண மண்டபங்கள், மில் கேன்டீன்கள், மலை எஸ்டேட் பங்களாக்களுக்கு கேஸ் லைன் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பளி சுற்றாதீர்கள். ஜெனரேட்டர் ஓடும்போது கம்பளி சிலிண்டரைக் காப்பாற்றாது, இன்னும் சீக்கிரம் உறைய வைக்கும். இது பலருக்கும் நம்ப முடியாத விஷயம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் வால்பாறையில் ஒரு பங்களாவில் இதே தொந்தரவுக்கு நானே சாக்குப்பை சுற்றிவிட்டு வந்தேன். மறுநாள் முன்னைவிடச் சீக்கிரம் நின்றுவிட்டது என்று போன் வந்தது. அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். மேலே கொஞ்சம் ஆவி. ஜெனரேட்டர் எடுப்பது அந்த ஆவியை. எடுக்க எடுக்க, கீழே இருக்கும் திரவம் கொதித்து ஈடுகட்டுகிறது. கொதிக்க வேண்டுமென்றால் சூடு வேண்டும். அடுப்பில் வைத்த பாலுக்குக் கீழே தீ இருக்கிறது, சிலிண்டருக்குக் கீழே தீ இல்லை. ஆகவே அது சூட்டைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து, தன் இரும்புச் சுவர் வழியாக இழுக்கிறது. காற்று கொடுப்பது போதாதபோது தன் சொந்தச் சூட்டையே தின்கிறது, அதனால் குளிர்கிறது. குளிரக் குளிர உள்ளே அழுத்தம் இறங்கும். ஒரு கட்டத்தில் ரெகுலேட்டருக்குத் தேவையான அழுத்தம் இல்லாமல் போகும். இஞ்சின் திணறுவது அப்போதுதான். வெளியிலிருந்து வர வேண்டிய சூட்டைத்தான் கம்பளி தடுக்கிறது. மனிதனுக்குக் கம்பளி வேலை செய்வது அவன் உடம்பு உள்ளே சூடு உண்டாக்குவதால். சிலிண்டர் உள்ளே குளிரை உண்டாக்குகிறது.

உங்கள் எண்களையே போட்டுப் பார்க்கலாம். 4 கிலோவாட் சுமையில் ஓடும் இந்த அளவு இஞ்சின், எரிபொருளின் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக மாற்றும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஏறக்குறைய 1.5 கிலோ கேஸ் தேவை. ஒரு கிலோ ஆவியாக 370 கிலோஜூல் போல வேண்டும். அப்படியானால் சிலிண்டருக்குள் நிற்காமல் 155 வாட் சூடு போய்க்கொண்டிருக்க வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு இரண்டரையின் சூடு. பாதி நிறைந்த 19 கிலோ சிலிண்டரில் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவரின் பரப்பு அரை சதுர மீட்டர்கூட இல்லை. அசைவில்லாத காற்றிலிருந்து அந்தச் சுவர் 155 வாட் இழுக்க வேண்டுமென்றால், சிலிண்டர் காற்றைவிட 40 டிகிரி போலக் குளிர்ந்திருக்க வேண்டும். கோத்தகிரி ராத்திரியில் வெளியே 7 டிகிரி என்றால் சிலிண்டர் சுழிக்குக் கீழே 30 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அதற்கு வெகு முன்பே அழுத்தம் செத்துவிடும்.

அது எவ்வளவு வேகமாகக் குளிரும் என்பதையும் பாருங்கள். வெளியிலிருந்து சூடே வராவிட்டால் பாதி சிலிண்டர் மணிக்கு 18 டிகிரி இறங்கும், கால் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 டிகிரி. திரவம் குறையும்போது சேமித்து வைத்திருக்கும் சூடும் குறைவு, காற்றிலிருந்து இழுக்கும் சுவரும் குறைவு. புது சிலிண்டர் மூன்று மணி நேரம், குறைந்த சிலிண்டர் 40 நிமிடம் என்று நீங்கள் சொன்னது இதோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆகவே ஜெனரேட்டரில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லி யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

இதற்கு மேல் இன்னொன்று சேர்கிறது. அமெரிக்கக் காணொளியை அப்படியே இங்கே பொருத்தினால் தவறாகப் போவதற்கு இதுதான் காரணம். அவர்கள் தொட்டியில் இருப்பது புரொப்பேன். எச்டி-5 என்ற அவர்கள் தரத்தில் 90 சதவீதமாவது புரொப்பேன் இருக்க வேண்டும். நம் சிலிண்டரில் வருவது எல்பிஜி, அதாவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பொதுவாக அதில் பியூட்டேன்தான் கணிசம். புரொப்பேன் சுழிக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேன் சுழிக்கு அரை டிகிரி கீழே வரைதான் கொதிக்கும். சுழி டிகிரியில் புரொப்பேனுக்கு மூன்றரை பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும்போது, பியூட்டேனுக்கு வெளிக்காற்றுக்கு மேல் அழுத்தமே இல்லை என்று சொல்லிவிடலாம். மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அது இன்னும் சில டிகிரி கீழே வரை கொதிக்கும், ஆனால் அந்தச் சலுகை சின்னது.

கலவையாக இருப்பதில் ஒரு தந்திரம் உண்டு. ஆவியாக எடுக்கும்போது எளிதில் கொதிக்கும் புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியே போய்விடும். பின்னால் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். முதல் பாதியில் நன்றாக ஓடி, கடைசிக் கால்பங்கில் அடம்பிடிப்பதற்கு இதுவும் சேர்ந்த காரணம். ஏஜென்சிக்காரர் எடை குறைத்துக் கொடுத்துவிட்டார், தண்ணீர் கலந்துவிட்டார் என்று மலைப் பக்கம் கேட்கும் குறைகளில் நான் போய்ப் பார்த்த அளவில் பாதிக்கு மேல் இந்தப் பியூட்டேன் கதைதான்.

சரி, என்ன செய்வது? என் பதில், சிலிண்டரைச் சூடாக்க வேண்டாம், சிலிண்டர்களைக் கூட்டுங்கள். நான்கு 19 கிலோ சிலிண்டர்களை ஒரே மேனிஃபோல்டில், அதாவது பல சிலிண்டர்களை ஒரே லைனில் சேர்க்கும் குழாயில், மாட்டி, நான்கு வால்வையும் ஒன்றாகத் திறந்து வையுங்கள். ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைத் திறக்கும் பழக்கம் இங்கே கூடாது, அப்படிச் செய்தால் நான்கு இருந்தும் ஒன்று இருப்பதற்குச் சமம். நான்கும் சேர்ந்து கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 40 வாட்தான் பாரம். காற்றைவிடப் பத்து டிகிரி குளிர்ந்தாலே அது போதும். 7 டிகிரி ராத்திரியிலும் அழுத்தம் நிற்கும். நான் மலையில் செய்துகொடுத்த இடங்களில் பெரும்பாலானவற்றில் இவ்வளவோடு பிரச்சினை தீர்ந்தது. எரிவாயு உருளை விதிகளின்படி ஓரிடத்தில் மொத்தம் 100 கிலோ வரை எல்பிஜி வைக்க உரிமம் வேண்டியதில்லை. நான்கு சிலிண்டர் 76 கிலோ, சமையலறைக்கு ஒன்று சேர்த்தால் 95. அதற்கு மேல் ஒரு சிலிண்டர்கூட, ஸ்பேர் என்று சொல்லியும், வைக்காதீர்கள். மேனிஃபோல்டை எல்பிஜி வேலை தெரிந்தவரிடம், ஒவ்வொரு ஹோஸுக்கும் கேஸ் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு போட்டு, செய்துகொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய் வேலை செய்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், கால்பங்குக்கு இறங்கிய சிலிண்டரை ஜெனரேட்டரிலிருந்து கழற்றிச் சமையலறைக்கு அனுப்புங்கள். ஒரு அடுப்பு மெதுவாகத்தான் எடுக்கும், பகல் வெயிலும் இருக்கும். மிச்சமுள்ள பியூட்டேனை அது சொட்டு விடாமல் எரித்துவிடும். வெறும் இடமாற்றம்தான், ஆனால் குளிர்காலத்தில் சிலிண்டருக்கு மூன்று நான்கு கிலோ கேஸ் திரும்பிப் போகாமல் மிச்சமாகும்.

சுமையையும் பாருங்கள். நான்கு அறைக்கும் கீசர் மின்சாரத்தில் ஓடுகிறதா? அப்படியென்றால் கேஸை எரித்து, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கரண்டாக்கி, அந்தக் கரண்டை மறுபடி சூடாக்குகிறீர்கள். குளிக்கும் தண்ணீரை விறகு பாய்லரிலோ கேஸ் கீசரிலோ நேராகச் சூடாக்கினால் அதே தண்ணீருக்கு கேஸ் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஆகும். கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மட்டும் மாட்டாதீர்கள், வெளியே வையுங்கள். ஜெனரேட்டருக்குக் குளிர் அறையும் விளக்குகளும் மட்டும் மிஞ்சும். சுமை பாதியானால் சிலிண்டர்கள் இரண்டே போதும். மலையில் இஞ்சினுக்கும் அது நல்லது. 300 மீட்டர் உயரத்துக்கு மூன்று சதவீதம் போல சக்தி குறையும், 1,800 மீட்டரில் உங்கள் 7.5 கேவிஏ உண்மையில் 6 கேவிஏதான்.

இன்றைக்கே ராத்திரி கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். அதற்குக் கல்யாணச் சமையல்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. காங்கயம் பக்கம் ஒரு மண்டபத்தில், ஆவணி முகூர்த்தம், வெளியே நல்ல புழுக்கம். பெரிய அடுப்புகள் நான்கு ஒரே சிலிண்டரில் எரிந்துகொண்டிருந்தன, சிலிண்டர் மேலே வெள்ளையாகப் பனி. மாஸ்டர் என்னைப் பார்த்து, “ஏனுங்க, வெயில்லயே சிலிண்டரு நடுங்குதுங்க” என்று சொல்லிவிட்டு, அண்டாவில் தண்ணீர் பிடித்து அதற்குள் சிலிண்டரை நிறுத்தினார். ஐந்து நிமிடத்தில் தீ நிமிர்ந்தது. வெயில் காலத்திலேயே இது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். குளிர் இதை மோசமாக்கும், ஆனால் அடிப்படைக் காரணம் எடுக்கும் வேகம்.

அண்டா வைத்தியம் ஏன் வேலை செய்கிறது என்றால், இரும்புக்கு நீர் சூட்டைக் கடத்தும் வேகம் காற்றைவிடப் பல மடங்கு. சுடுதண்ணீரே தேவையில்லை. குழாயில் வரும் 15 டிகிரித் தண்ணீர் 60 லிட்டர் ஓர் அகலத் தொட்டியில் இருந்தால், உங்கள் சுமைக்கு அது மணிக்கு இரண்டு டிகிரி சுமார்தான் குளிரும். மூன்று நான்கு மணி நேரம் தாராளமாகத் தாங்கும். ஆனால் தண்ணீர் முக்கால் அடி உயரத்துக்கு மேல் வேண்டாம். கேஸ் குறையும்போது சிலிண்டரின் எடையும் குறையும், ஆழம் அதிகமானால் மிதந்து சாய்ந்துவிடும். சாய்ந்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும், அது மிக ஆபத்து. சங்கிலியால் சுவரோடு கட்டிவிடுங்கள். தினமும் இப்படியே வைத்தால் அடி வளையம் துருப்பிடிக்கும், ஆகவே இது அவசரத்துக்கு மட்டும்.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவது, ஹீட் கன் பிடிப்பது, ஜெனரேட்டரின் சைலன்சர் பக்கம் தள்ளி வைப்பது, கடையில் விற்கும் சூடேற்றும் டேப்பைச் சுற்றுவது, இவற்றை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர், அதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் திரவம் நிரப்புகிறார்கள். மிச்சம், சூடானால் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதற்காக விட்ட இடம். 19 கிலோவுக்கும் அதே கணக்கு. அந்த இடம் தீர்ந்துபோகும் அளவுக்குச் சூடாக்கினால் எஃகு தாங்காது. சிலிண்டர் 50 டிகிரியை நெருங்கவே கூடாது. குளிருக்குப் பயந்து சிலிண்டரை வீட்டுக்குள், படிக்கட்டுக்கு அடியில், மூடிய அறையில் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். சிலிண்டர்களின் இடம் வெளியேதான், மேலே கூரையும் பக்கங்களில் நல்ல காற்றோட்டமுமாக. காற்று அடிப்பது சிலிண்டருக்கு நல்லதும்கூட, ஓடும் காற்று நின்ற காற்றைவிட அதிகச் சூடு கொடுக்கும். ஜெனரேட்டரையும் அப்படியே. குளிர் என்று கதவைச் சாத்திய அறையில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

மின்சாரப் போர்வையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். தெர்மோஸ்டாட்டோடு, தொட்டிக்கென்றே சான்று பெற்றுச் செய்த போர்வை தவறான பொருள் இல்லை. சிலிண்டரை 30 டிகிரி பக்கம் நிறுத்தும், நம் கலவைக்கும் அது பயன்படும். ஆனால் கரண்ட் போன பிறகு அதற்குக் கரண்டை ஜெனரேட்டர்தான் கொடுக்க வேண்டும். நம் 19 கிலோ சிலிண்டர் வடிவத்துக்கென்று சான்று பெற்ற போர்வை எதையும் நான் மாட்டியதில்லை, ஆகவே அதை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். பெரிய ஜெனரேட்டருக்குச் சரியான வழி வேறு. திரவமாக எடுக்கும் சிலிண்டரும், அந்தத் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் வேப்பரைசர் என்ற கருவி தனியாக ஒன்றும். தண்ணீரால் குளிரும் பெரிய இஞ்சின்களில் அந்தச் சுடுதண்ணீரையே வேப்பரைசருக்குக் கொடுப்பார்கள். உங்கள் 4 கிலோவாட்டுக்கு அது அதிகச் செலவு.

இதில் எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். திரவம் ஆவியாகச் சூடு வேண்டும், பியூட்டேன் பின்தங்கும், கம்பளி தடுக்கும், நான்கு சிலிண்டர் பாரத்தைப் பகிரும், இவை உறுதி. மணிக்கு 1.5 கிலோ, 40 டிகிரி, 18 டிகிரி என்று நான் போட்ட எண்களில் கால்பங்கு கூடக் குறைய இருக்கலாம். காற்றின் வேகம், மேலே படியும் பனியின் கனம், அந்தச் சிலிண்டரில் வந்த கலவை, இஞ்சினின் நிலை எல்லாமே அதை மாற்றும். சிலிண்டர் மேல் பனியே இல்லாமல் ரெகுலேட்டர் மட்டும் வெள்ளையாகிறது என்றால் நான் சொன்னது எதுவும் பொருந்தாது. அப்போது ரெகுலேட்டர் அளவு போதவில்லை, அல்லது லைனில் ஈரம் இருக்கிறது. விடியற்காலையில் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் அது பேட்டரி, ஆயில் சமாச்சாரம். உங்களுக்கு ஸ்டார்ட் ஆகி ஓடி, பிறகுதான் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். இருந்தாலும் உங்கள் ரெகுலேட்டரை நான் கண்ணால் பார்க்கவில்லை. மணிக்கு எத்தனை கிலோ என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும், 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

மேனிஃபோல்டுக்குப் பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அடுத்த முறை ஜெனரேட்டர் திணறும்போது சிலிண்டரில் பனி எந்த உயரம் வரை படிந்திருக்கிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் திரவ மட்டம். மறுநாள் மதியம் வெயில் ஏறி, பனி உருகிக் காய்ந்த பிறகு எடை போடுங்கள். வெற்று எடை சிலிண்டரின் மேலேயே பொறித்திருக்கும், அதைக் கழித்துவிடுங்கள். நான்கைந்து கிலோ மிச்சம் காட்டினால் இந்தப் பதில் முழுக்க உங்களுக்கானது. ஒரு கிலோவுக்கும் குறைவாகக் காட்டினால் சிலிண்டர் உண்மையிலேயே தீர்ந்துதான் நின்றிருக்கிறது, அந்த எண்ணோடு மறுபடி எழுதுங்கள்.